புகை போகும் பக்கம்

கூரியரில் மூன்று பைகள் வந்தன.
மூன்றையும் கூடத்தில் பரப்பி
ஆளுக்கொரு வாழைப்பழம் வைத்து
ஊதுபத்தி குத்தி, ஜிப்பை இழுத்து மூடினேன்.
சிப்காட் ஆலையில் இருபத்திரண்டு வருடம்
காற்றைக் குப்பியில் பிடித்து
எண்ணாக்கி எழுதிக் கொடுத்தவன்.
விளம்பரத்தை நம்பியா பை வாங்குவேன்?

முதலாவது நீலம், உள்ளே வெல்வெட்.
அட்டைப் படத்தில் அதற்குள்ளிருந்து
ஒரு பொமரேனியன் சிரித்தது.
மூக்கு நீண்டவர்களுக்குச் சிரிப்பு வரும்.
புகை உள்ளேயே நின்றது,
முன்பணம் கொடுத்த வாடகைக்காரர் மாதிரி.

இரண்டாவது கெட்டிப் பெட்டி,
எஃகுக் கதவு, சக்கரம், எல்லாம் உண்டு.
இருக்கைக்கு அடியில்தான் நுழையாது.
சரக்கோடுதான் போக வேண்டும்,
தட்டை மூக்கு நாயைச் சரக்கில் ஏற்ற மாட்டோம்
என்றாள் போனில் ஒரு பெண்.
ஏற்றினாலும் நான் விடமாட்டேன் என்றேன்.
"வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

மூன்றாவது சாம்பல் நிறம். அழகில்லை.
நான்கு பக்கமும் வலை,
முதுகில் வளைந்த ஒரு கம்பி;
ஓங்கி அமுக்கினேன், கூரை இறங்கவில்லை.
புகை நாலாபக்கமும் கலைந்து போனது,
கடைசி ஷிப்ட் விட்டதுபோல.
நான் நோட்டில் எழுதி நிமிர்வதற்குள்
அதிரசம் மூன்று பழத்தையும் தின்றிருந்தது.

பழம்தான் பிரச்சினை.
பையோடு சேர்த்து ஏழு கிலோ, அதற்கு மேல் கூடாது.
எங்கள் லேப் தராசு இருநூறு கிராம் வரை,
நான்கு தசமத்தில் சொல்லும்.
நாயை அதில் எங்கே நிறுத்துவது?
திருப்பாதிரிப்புலியூரில்
ரவூப் பாய் முந்திரி மண்டியில் ஏற்றினேன்.
"ரெண்டாம் தரம்" என்று பாய் சிரித்தார்.
ஆறு கிலோ நூறு. பை ஒன்று முந்நூறு.

டாக்டர் தில்லைநாயகி என்னையும் அதையும்
ஒரே பார்வையில் பார்த்துவிட்டு
எடையைக் குறைங்க என்றார்.
யாரை என்று நான் கேட்கவில்லை.
மயக்க ஊசி கூடவே கூடாதாம்.
கழுத்துப் பட்டை வேண்டாம், மார்ப்பட்டை போடுங்க.
பகல் வெயிலில் டிக்கெட் எடுக்காதீங்க.
தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்க.

எண்ணினேன்.
மங்கை கவுகாத்திக் கிளைக்கு மாற்றலாகிப் போன
நாற்பது நாளாக
இந்த வீட்டில் குறட்டை ஒன்றுக்கு இரண்டு.
என்னுடையதை யாரும் எண்ணவில்லை.
அதனுடையது நிமிடத்துக்கு இருபத்தாறு.

தினம் சாயங்காலம்
பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் பையைத் தள்ளி
மேலே நான் உட்கார்ந்து
வெறும் மிக்சியை ஓடவிட்டேன்.
முதல் நாள் குரைத்தது.
மூன்றாம் நாள் மேல்வீட்டு செபஸ்தியான் வந்து
"தினமும் என்னதான் அரைக்கிறீங்க?" என்றார்.
விமானம், என்றேன்.
அவர் கெடிலம் பக்கம் நடக்கப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் அது உள்ளேயே தூங்கியது.
நான் மிக்சியை நிறுத்தினேன்.
குறட்டையும் நின்றது.
நாற்காலியிலிருந்து இறங்கி
தரையில் கன்னம் வைத்து
வலையில் காதை ஒட்டிக்கொண்டு கிடந்தேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
எந்தக் குப்பிக்காகவும் அப்படிக் கிடந்ததில்லை.

பிறகு ஒரு தும்மல்.
பிறகு அந்தப் பழைய இரைச்சல்,
துருப்பிடித்த கேட்டை யாரோ மெல்லத் திறப்பதுபோல.

இரவு போனில் மங்கை கேட்டாள்:
எந்தப் பை?
சத்தம் கேட்கிற பை.
காற்று வருமா என்றுதானே கேட்டேன்?
இரண்டும் ஒன்றுதான், என்றேன்.

நேற்றுப் பாய் கடையில்
ஐந்து கிலோ அறுநூறு. பையோடு ஆறு தொள்ளாயிரம்.
நூறு கிராம் மிச்சம்.
உள்ளே விரிக்க
அவள் விட்டுப்போன பருத்தி நைட்டியை எடுத்தேன்.
இன்னும் துவைக்கவில்லை.
முழுதாய் வைத்தால் கூடிவிடும்.

கத்தரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு கை போதும்.
தோள் பக்கம் சேர்த்து வெட்டலாமா என்று
யோசித்துக்கொண்டும் இருக்கிறேன்.